மயிலையில் கட்டிய மூட்டை

காரிமங்கலத்திலிருந்து பெங்களூருக்குப் பிழைக்கச் சென்றாலும் நாம் மாற்றுடையும் கட்டுச்சோறும் இன்றிப் புறப்படுவதில்லை. நாடு நாடாய் மறைபரப்பச் சென்ற புனித சவேரியார் எதைக் கட்டிக்கொண்டார்? 1541-இல் லிஸ்பனில் அரசு தரவிருந்த பயணப் பொருள்களில் சில நூல்களையும் முரட்டு மேலாடையையுமே ஏற்றார். பின்னர் 1545-இல், கிழக்கே மலாக்கா செல்லுமுன், ஏறக்குறைய நான்கு திங்கள் மயிலையில் புனித தோமையார் கல்லறையருகே தங்கிச் செபித்தார். போவது இறைவனின் சித்தந்தானா என்பதே அவர் வினா. தெளிந்த பின்னரே கப்பலேறினார். நம் பார்வையில், அம்மூட்டையில் கனமானது அத்தெளிவே. அடுத்தது மொழி. முத்துக்குளித்துறையில் செபங்களைத் தமிழில் பெயர்க்கச் செய்து மனனம் செய்தவர், மலாக்காவில் விசுவாசப் பிரமாணத்தையும் கற்பனைகளையும் மலாய் மொழியில் ஆயத்தம் செய்துகொண்டார். அதன் பின்னரே மொலுக்கஸ் தீவுகள், 1549-இல் ஜப்பான்.