கீரையின் சத்தைக் காப்போம்

வேலியோரத்திலும் கிணற்றடியிலும் எளிதில் வளர்வதனாலேயே கீரையை நாம் அற்பமாக எண்ணிவிடுகிறோம். உடலில் வைட்டமின் ‘ஏ’ ஆக மாறும் பொருளும், இரும்புச் சத்தும், சுண்ணாம்புச் சத்தும் அதில் உள்ளன. வைட்டமின் ‘ஏ’ குறைந்தால் குழந்தைகளுக்கு மாலைக்கண் நோய் உண்டாகும். கவனியாது விட்டால் பார்வையே பறிபோகும். நாள்தோறும் 50 கிராம் கீரையை உணவில் சேர்க்க வேண்டுமென்று ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2011ஆம் ஆண்டு வழிகாட்டி கூறியது. ஆயினும், கீரை வாங்கினால் மட்டும் போதாது. பறித்தது முதல் பரிமாறுவது வரை அதன் சத்தில் ஒரு பகுதியை நம் கையாலேயே வீணாக்குகிறோம்.

தேர்ந்தெடுத்தல்

கீரையைக் காலையில் வாங்குவது நலம். இலை விறைப்பாக இருக்க வேண்டும். தண்டு நகத்தால் கிள்ளினால் முறிய வேண்டும். மஞ்சளித்த, பூவிட்டு முற்றிய கட்டுகளை விலக்க வேண்டும். கட்டின் நடுவே விரலை விட்டுப் பார்த்தால் உள்ளே அழுகல் இருப்பது தெரிந்துவிடும். இரண்டொரு பூச்சித் துளைகள் இருப்பது குற்றமன்று. சாக்கடை நீரில் வளர்ந்த கீரை எவ்வளவு செழிப்பாக இருப்பினும் வாங்கலாகாது. நோய்க் கிருமிகளும் அதனோடு வீட்டிற்கு வரும்.

பாதுகாத்தல்

அன்றைய கீரையை அன்றே சமைப்பதே முறை. மறுநாளைக்கு வைக்க நேர்ந்தால், கட்டை அவிழ்த்து, அழுகிய இலைகளைக் களைந்து, கழுவாமல் ஈரத்துணியில் தளர்வாகச் சுற்றி நிழலில் வைக்க வேண்டும். நீரை அள்ளித் தெளித்து மூடி வைத்தால் அழுகும். வேருடன் கூடிய முளைக்கீரையாயின், வேர் மட்டும் நீரில் அமிழுமாறு நிறுத்தலாம். முருங்கைக் கீரையை உலர்ந்த துணியில் சுற்றி இரவு முழுதும் வைத்தால், காலையில் உதறும்போதே இலைகள் காம்பை விட்டு உதிரும்.

சமைத்தல்

நறுக்கிய பின் கழுவினால் சத்து நீரோடு போய்விடும். ஆகவே, முதலில் கழுவிப் பின்னர் நறுக்க வேண்டும். அகன்ற பாத்திரத்து நீரில் அலசி, கீரையைக் கையால் தூக்கி எடுக்க வேண்டும். அப்போதுதான் மண் அடியில் தங்கும். இவ்வாறு மூன்று முறை செய்வது நன்று. கொதிக்கும் சிறிதளவு நீரில் இட்டு, வெந்தவுடன் இறக்க வேண்டும். நிறத்திற்காகச் சோடா உப்பு சேர்ப்பது தவறு. அது வைட்டமின்களை அழிக்கும். வெந்த நீரை வடித்துக் கொட்டாமல் கீரையோடு சேர்த்தே மசிக்க வேண்டும். எண்ணெயில் தாளிப்பது சுவைக்காக மட்டுமன்று. எண்ணெய்ப் பசை இருந்தால்தான் வைட்டமின் ‘ஏ’ சத்தை உடல் நன்கு ஏற்கும். உணவோடு நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்ந்தால் இரும்புச் சத்தும் நன்கு சேரும்.

பஞ்சாயத்தின் பங்கு

பொதுக் கிணற்றடியில் சிந்தி வீணாகும் நல்ல நீரை ஒரு சிறு பாத்திக்குத் திருப்பினால், முளைக்கீரை ஏறத்தாழ 25 நாட்களில் பறிப்புக்கு வரும். சத்துணவு மையத்திற்கும் அங்கன்வாடிக்கும் அக்கீரையைக் கொடுக்கலாம். இதற்குப் பெரும் பொருட்செலவு தேவையில்லை. ஊராரின் ஒத்துழைப்பே தேவை. நம் ஊர்க் குழந்தைகளின் கண்ணொளியைக் காக்கும் இப்பணியை இம்மாதமே தொடங்குவோமாக!