எழுத்தும் கலியாணமும்: விவாகப் பதிவின் சமூக அடிப்படை பற்றிச் சில குறிப்புகள்

யாழ்ப்பாணப் பேச்சுவழக்கில் விவாகப் பதிவினை 'எழுத்து' என்பர். 'எழுத்து முடிந்துவிட்டது, கலியாணம் தை மாதத்தில்' என்னும் கூற்றில் எவரும் முரண்பாடு காண்பதில்லை. சட்டத்தின்படி கணவன் மனைவியாகிவிட்ட இருவர், தாலி ஏறும்வரை தத்தம் பெற்றோர் வீட்டிலேயே இருப்பர். இதனை வெறும் மரபுப்பற்று எனக் கொள்வது பொருந்தாது. எழுத்து வேறு, கலியாணம் வேறு என்னும் பாகுபாட்டிற்குச் சட்டமே இடமளிக்கின்றது.

இலங்கையில் கண்டியச் சட்டத்தின் கீழும் முஸ்லிம் சட்டத்தின் கீழும் நிகழ்வன தவிர்ந்த விவாகங்களை 1907 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம் ஆளுகின்றது. மணம்புரிய விரும்புவோர், தாம் பத்து நாட்களேனும் வசித்த பிரிவின் பதிவாளரிடம் அறிவித்தல் கொடுத்தல் வேண்டும். பன்னிரண்டு நாட்களுக்குள் ஆட்சேபம் எழாவிடின் அத்தாட்சிப்பத்திரம் கிடைக்கும். மூன்று மாதங்களுள் மணம் நிகழாவிடின் அறிவித்தல் செல்லாதாகிவிடும். காத்திருக்க இயலாதோரும், கந்தோருக்கு வெளியே, வீட்டிலேயே எழுத விரும்புவோரும் விசேட அனுமதிப்பத்திரம் பெறுவர்.

படிவம் வினவுவன கவனத்திற்குரியவை. வயது, தொழில், இனம் ஆகியவற்றோடு தந்தையின் பெயரும் அவரது 'தராதரம் அல்லது தொழிலும்' கேட்கப்படுகின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் வர்க்க அடையாளம் நமது படிவத்தில் படிந்திருப்பதை இச்சொற்றொடர் காட்டும். இனபேதமோ இன்னும் வெளிப்படையானது. ஆணுக்கு 16, பெண்ணுக்கு 12 எனக் குறைந்தபட்ச வயதினை விதித்த அச்சட்டம், ஐரோப்பிய, பறங்கிய பெற்றோரின் புதல்வியருக்கு மாத்திரம் அதனை 14 ஆக உயர்த்தியிருந்தது. சுதேசச் சிறுமிக்கு அவ்விரண்டு ஆண்டுகள் மறுக்கப்பட்டன. இருபாலாருக்கும் 18 என்னும் விதி 1995 இலேயே வந்தது.

எனினும் பதிவு என்பது திருமணத்தின் சான்றேயன்றித் திருமணமன்று. பதிவேட்டிலுள்ள குறிப்பு சிறந்த சான்று எனச் சட்டம் கூறும். ஆயின் மரபுச் சடங்கின்படி மணந்தோரையும், ஊரறியக் கணவன் மனைவியாக வாழ்ந்தோரையும் நீதிமன்றங்கள் ஏற்றுவந்துள்ளன. அவ்வாறாயின் சான்று எவருக்குத் தேவை?

காணி உடையவருக்கு அது முதலிலேயே தேவைப்பட்டது. ஒல்லாந்தர் காலத்திலேயே காணித்தோம்பும், திருமணங்களைப் பதிந்த பள்ளித்தோம்பும் அருகருகே பேணப்பட்டன. யாழ்ப்பாணத்தில் எழுத்தையொட்டியே சீதன உறுதியும் முடிக்கப்படுவது பெருவழக்கு. தேசவழமைக்குட்பட்ட மனைவி தன் அசையாச் சொத்தைக் கணவனின் எழுத்துமூலச் சம்மதமின்றிப் பராதீனப்படுத்தலாகாது என 1911 ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. சொத்து அவளுடையது, கையொப்பத்தின் அதிகாரம் அவனுடையது. குடும்பத்திற்கும் தனிச்சொத்திற்குமுள்ள உறவினை 1884 இல் விளக்கிய எங்கெல்ஸ் இதனைக் கண்டு வியந்திருக்கமாட்டார்.

உடைமையற்றோரின் நிலையை இச்சூத்திரத்தால் மாத்திரம் விளக்கிவிட முடியாது. மலையகத் தோட்டத் தொழிலாளரின் திருமணங்கள் பல பதிவின்றியே நிகழ்ந்தன. பகிர்வதற்குக் காணியில்லாத லயன் வாழ்க்கையில் எழுத்துக்கு அவசியம் இருக்கவில்லை. 1948 இன் பிரஜாவுரிமைச் சட்டம் வந்ததும் நிலைமை தலைகீழாயிற்று. வம்சாவளிப் பிரஜாவுரிமை தந்தை வழியே கணிக்கப்பட்டது. 1949 ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டமோ, 1946 சனவரிக்கு முன் மணமானோர் ஏழு ஆண்டுகளும் மணமாகாதோர் பத்து ஆண்டுகளும் இங்குத் தொடர்ந்து வசித்திருத்தல் வேண்டுமென்றது. கணவன், மனைவி, மகன் என்னும் உறவுகள் யாவும் தாளிலே நிறுவப்பட வேண்டியவையாயின. ஏறத்தாழ 825,000 பேருக்காக விண்ணப்பங்கள் செய்யப்பட்டன. 1964 அளவில் ஏறத்தாழ 134,000 பேரே பிரஜைகளாக ஏற்கப்பட்டிருந்தனர். நிராகரிப்புக்கு வேறு காரணங்களும் இருந்தன என்பது உண்மை. ஆனால் எந்த அரசு அவர்தம் உழைப்பை றாத்தல் கணக்கில் நாள்தோறும் பதியவைத்த அமைப்பைப் பேணியதோ, அதே அரசுதான் அவர்தம் குடும்பத்திற்குப் பதிவில்லை என்று குறைகூறியது.

பிறப்பு அத்தாட்சிப்பத்திரத்தில் 'பெற்றோர் விவாகம் செய்தவர்களா?' என்னும் கூடு நெடுங்காலம் இடம்பெற்றிருந்தது. ஊரார் முன்னிலையில் தாலி கட்டிக்கொண்ட தாயின் பிள்ளையும், அக்கூட்டில் எழுதப்பட்ட 'இல்லை' என்னும் சொல்லோடு பள்ளிக்கூட வாயிலில் நின்றது.