சிறை மதிலும் சுற்றுச்சூழலும்

சிறைச்சாலை சமுதாயத்தினின்று பிரித்து வைக்கப்பட்ட இடமாயினும், அது எரிக்கும் விறகும் வெளியேற்றும் கழிவும் மதிலுக்குள் அடங்குவன அல்ல. ருவாண்டா நாட்டின் அனுபவம் இதனை நமக்கு விளக்குகிறது.

1994 ஆம் ஆண்டின் இனப்படுகொலைக்குப் பின்னர், அந்நாட்டுச் சிறைகளில் இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அடைக்கப்பட்டனர். அவர்களுட் பெரும்பாலோர் விசாரணைக்காகப் பல ஆண்டுகள் காத்திருந்தனர். அவர்களுக்கு உணவு சமைக்கப் பெருமளவில் மரங்கள் வெட்டப்பட்டன. கழிவோ அருகிலிருந்த நீர்நிலைகளைக் கெடுத்தது. எனவே, 2001 முதல் கிகாலி நகரத் தொழில்நுட்பக் கல்லூரி ஒன்று, சிறைகள் சிலவற்றில் நிலத்தடி எரிவாயுக் கலன்களை அமைக்கத் தொடங்கிற்று. காற்றுப் புகாத கலனில் நுண்ணுயிர்கள் மனிதக் கழிவைச் சிதைக்கும்போது மீத்தேன் வாயு உண்டாகிறது. வாயு அடுப்புக்குச் செல்கிறது; எஞ்சுவது தோட்டத்திற்கு உரமாகிறது. விறகுத் தேவை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. 2005 இல் இம்முயற்சி ஆஷ்டன் விருதினைப் பெற்றது.

எனினும், ஒன்றை நாம் மறத்தலாகாது. இத்துணைக் கழிவு திரண்டதே மக்கள் அளவுக்கு மீறி அடைக்கப்பட்டதனால்தான். விறகு மிச்சமாயிற்று என்பதனால் நெரிசல் நியாயமாகிவிடாது. மரத்தைக் காக்கும் சிறை, தன்னுள் வாழும் மனிதனையும் காக்கின்றதா என்று வினவுதல் நம் கடமையாகும்.