ரணவராவும் குளிசையும்

ஊற்றிய ரணவரா கொஞ்சம் ஆறட்டும், அதற்குள் சொல்கிறேன். கொம்பனித்தெருவில் சீனி வருத்தம் உள்ளவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பது, இதைக் குடித்தால் குளிசையை நிறுத்தலாமா என்றுதான். நிறுத்தக் கூடாது. ஏன் என்பதைத்தான் ஆறுதலாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ரணவரா வேறொன்றுமில்லை, நம்முடைய ஆவாரம்பூ. அம்பாந்தோட்டை, புத்தளம், மன்னார்ப் பக்கத்து வறண்ட மண்ணில் பற்றையாக நிற்கும் செடி. காயவைத்த மஞ்சள் பூ பக்கெட்டில் அடைபட்டுக் கொழும்புக்கு வருகிறது. கொதிநீரில் போட்டுக் கித்துள் கருப்பட்டித் துண்டொன்றைக் கடித்துக்கொண்டு குடிப்போம்.

ஆவாரை பூத்திருக்கும்போது சாவேது என்கிற பழமொழியை எல்லோரும் எடுத்துச் சொல்வார்கள். அதில் ஓரளவு உண்மையும் இருக்கிறது. 2002இல் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பாரி, லதா இருவரும் நீரிழிவு உண்டாக்கப்பட்ட எலிகளுக்கு ஆவாரம்பூச் சாற்றை 30 நாள் கொடுத்துப் பார்த்தார்கள். இரத்தச் சீனியும் கொழுப்பும் இறங்கின. ஆனால் அது எலிகளின் எடைக்கு அளந்து கொடுத்த சாறு. நாம் கோப்பையில் ஊறவைக்கிற பூவில் என்ன அளவு இறங்குகிறது என்று யார் அளக்கிறார்கள்?

என்னைக் கேட்டால், ரணவராவின் பெரிய நன்மை அது எதன் இடத்தைப் பிடிக்கிறது என்பதில் இருக்கிறது. யூனியன் பிளேஸில் வேலை செய்கிற ஒருவர் பகலில் நாலு பால் தேத்தண்ணி, ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சீனி என்று குடித்தால், அதிலேயே 30 கிராமுக்கு மேல் சீனி போய்விடும். அவர் இரண்டு தேத்தண்ணியை விட்டுச் சீனியில்லாத ரணவரா குடித்தால் உடம்புக்கு அது பெரிய ஆறுதல். கருப்பட்டியைக் கடித்தால் அந்த ஆறுதலில் பாதி போச்சு. கித்துளில் வந்தாலும் சீனி சீனிதான்.

இனிச் சொல்வதைக் கவனமாகக் கேளுங்கள். 1981இல் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் அர்சகுலரத்னவும் கூட்டாளிகளும் இலங்கையில் மருந்தாகப் பாவிக்கிற 50 செடிகளைச் சோதித்தார்கள். ஈரலைக் கெடுக்கக்கூடிய பிரொலிசிடின் அல்கலொயிட் மூன்றில் இருந்தது. அந்த மூன்றில் ஒன்று நம் ரணவரா. ஒரு கோப்பை குடித்தவுடன் ஈரல் கெட்டுவிடும் என்று பயப்பட வேண்டாம். மாதக்கணக்காக, நாள்தோறும், கசக்கக் கசக்கக் காய்ச்சிக் குடிக்கிறவர்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். ஏற்கெனவே ஈரல் வருத்தம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் தொடாமல் இருப்பதே நல்லது.

இன்னொன்று, வலிப்புக்குக் கொடுக்கிற கார்பமசெபின் குளிசை. ஐரா தாப்ரு முதலான இலங்கை ஆய்வாளர்கள் 2004இல் வெளியிட்ட எலி ஆய்வில், ரணவராவோடு சேர்த்துக் கொடுத்தபோது இரத்தத்தில் அந்த மருந்தின் அளவு 47 வீதம் கூடியது. முடக்கொத்தானோடு கொடுத்தபோது அப்படிப் பெரிதாக மாறவில்லை. இயற்கையான பூ என்ன செய்துவிடும் என்று நினைப்பவர்களுக்கு இந்த ஒரு கணக்கே போதும். உள்ளே போனால் பூவும் மருந்தும் ஒரே ஈரலைத்தான் கடக்க வேண்டும்.

சீனிக் குளிசை எடுப்பவருக்கு இரண்டும் சேர்ந்து சீனியைக் கூடுதலாக இறக்கவும் இடமுண்டு. திடீரென்று வியர்த்து, கை நடுங்கி, தலை சுற்றினால் உடனே இனிப்பாக ஏதாவது குடித்துவிட்டுச் சீனியை அளந்து பாருங்கள்.

விருப்பமிருந்தால் இலேசாக, வெளிர்நிறச் சாயமாக, கிழமையில் ஓரிரு நாள் குடியுங்கள். குளிசையை எழுதிக் கொடுத்தபடியே எடுங்கள். அடுத்த கிளினிக் நாளில் கொப்பியோடு இந்தப் பக்கெட்டையும் கொண்டுபோய் டொக்டரிடம் காட்டுங்கள்.