தடாகத்தைச் சுற்றி ஒரு வேலி

வேலி என்றால் என்னவென்று யாழ்ப்பாணத்தவருக்கு எவரும் விளக்கிக் கூறவேண்டியதில்லை. ஒரு முழ நிலத்துக்காக நீதிமன்றப் படியேறியவர்கள் நம்மவர். கிணற்றுக்குக் கட்டு, வளவுக்கு வேலி, வேலிக்குப் படலை என வாழ்ந்து பழகிய நமது மக்களுட் பலர் இன்று அவுஸ்திரேலியாவின் சிட்னியிலும் மெல்பேர்னிலும் குடியிருக்கின்றனர். அவர்களுட் சிலரது வீட்டின் பின்புறத்தில் நீச்சல் தடாகமும் உண்டு. பேரப்பிள்ளைகளைக் காணவெனச் சென்றுவரும் பாட்டன் பாட்டிமார் அங்கே முதலில் வியந்து நோக்குவது அந்த நீல நிறத் தண்ணீரை. பின்னர் சலித்துக்கொள்வது அதனைச் சூழ்ந்து நிற்கும் வேலியை. சொந்த வளவுக்குள்ளேயே இன்னொரு வேலி எதற்கு என்பது அவர்களது கேள்வி. அது நியாயமான கேள்வியே.

நீரில் மூழ்குபவர் கைகளை வீசிக் கூச்சலிடுவார் என்றே நாம் எண்ணியிருக்கிறோம். சினிமாப் படங்கள் நமக்கு அவ்வாறு கற்பித்துவிட்டன. சிறு குழந்தையின் நிலை வேறு. இரண்டு வயதுப் பிள்ளைக்கு உடலோடு ஒப்பிடுமிடத்துத் தலை பாரமானது. மிதந்து செல்லும் ஒரு பந்தை எடுக்கக் குனிந்தால், தலைகீழாகச் சரிந்து விழுந்துவிடும். வாய் நீருள் அமிழ்ந்தபின் கூப்பிடுவதற்கு மூச்சு ஏது? அடுத்த அறையில் இருக்கும் தாய்க்கு ஒரு சத்தமும் கேட்பதில்லை. பிராணவாயு சில நிமிடங்கள் கிட்டாது போனாலே மூளை பழுதுறத் தொடங்கும். உயிர் தப்பிய பிள்ளையும் ஆயுள் முழுவதும் அதன் விளைவைச் சுமக்க நேரலாம்.

1980களில் அரிசோனா, கலிபோர்னியா, புளோரிடா ஆகிய மூன்று மாநிலங்களில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் தடாகங்களில் மூழ்கிய சம்பவங்களை அமெரிக்க நுகர்பொருட் பாதுகாப்பு ஆணைக்குழு ஆராய்ந்தது. அப்பிள்ளைகளுள் நூற்றுக்கு 69 பேர் அவ்வேளையில் தடாகத்தருகே இருப்பார்கள் என்று வீட்டில் எவருமே எதிர்பார்க்கவில்லை. நூற்றுக்கு 77 பேர் கண்ணிற்படாமற் போன நேரம் ஐந்து நிமிடமோ அதனிலும் குறைவோதான். பெரும்பாலும் தாயோ தந்தையோ பிள்ளையைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கின்றனர். ஆகவே, “பொறுப்பற்ற பெற்றோர்” என்று பழி கூறி அமைவது உண்மைக்குப் புறம்பானது. அடுப்பிலே பால் பொங்குகின்றது, தொலைபேசி மணி ஒலிக்கின்றது, கைக்குழந்தை அழுகின்றது. இவற்றுள் எதற்கும் எழுந்திராத தாய் உலகில் உண்டா? மனிதக் கண் அயரும் நேரத்தில் அயராது நிற்பதற்கே வேலி.

ஆயின், எந்த வேலியும் போதும் என்பதன்று. வளவின் எல்லையைச் சுற்றி மூன்று பக்கம் அடைத்து, நான்காம் பக்கத்துக்கு வீட்டுச் சுவரையே நம்பியிருப்பது ஒரு வழக்கம். அதனால் அயலார் பிள்ளை உள்ளே வராது. வீட்டுப் பிள்ளைக்கோ பின்கதவைத் திறந்தால் நேரே தண்ணீர். மேலே கூறிய ஆய்வு காட்டுவதும் வீட்டுப் பிள்ளையின் ஆபத்தையே. வீட்டையும் தடாகத்தையும் பிரித்து நாற்புறமும் அடைத்த வேலி, மூன்று பக்க வேலியை விட மூழ்கும் அபாயத்தை நூற்றுக்கு 83 பங்கு குறைக்கின்றது என மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியோர் கண்டுள்ளனர். நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் 1992ஆம் ஆண்டுச் சட்டம், 1990 ஆகஸ்ட் முதலாந் திகதிக்கு முன் அமைந்த தடாகங்களுக்கு மட்டும், கதவும் யன்னலும் பிள்ளைகள் திறக்கவியலாதவாறு இருப்பின் வீட்டுச் சுவர் போதும் எனச் சலுகை அளித்தது. இச்சலுகை நமக்கு உவப்பானதன்று. பழைய தடாகத்துத் தண்ணீர் பழைமை கருதிப் பிள்ளையை விட்டுவிடுமா?

அவுஸ்திரேலிய வேலி விதிகளின் அளவுகள் ஒவ்வொன்றும் ஒரு குழந்தையின் கை, கால், தலை ஆகியவற்றை எண்ணி வகுத்தவை. வேலியின் உயரம் 1.2 மீற்றருக்குக் குறையலாகாது. கம்பிகளுக்கிடையிலும் வேலியின் அடியிலும் 10 சென்ரிமீற்றருக்கு மேல் இடைவெளி கூடாது. குறுக்குச் சட்டங்கள் நெருங்கியிருந்தால் அவையே ஏணியாகிவிடுமாதலின், கால் வைத்தேற இடமின்றி 90 சென்ரிமீற்றராவது விலகி நிற்கவேண்டும். படலை தடாகத்தின் பக்கம் திறவாது, வெளிப்புறமாகவே திறக்கவேண்டும். வெளியே நிற்கும் பிள்ளை தள்ளத் தள்ள அது மேலும் இறுகும். கொளுக்கி பொதுவாக 1.5 மீற்றர் உயரத்தில் இருக்கும். எல்லாவற்றிலும் தலையாயது, கையை விட்டதும் படலை தானாகவே சாத்திக்கொண்டு தானாகவே பூட்டிக்கொள்ளவேண்டும் என்பது. சாத்த மறப்பது மனித இயல்பு; சுருள்வில்லுக்கு மறதியில்லை. அதற்கு வேறொரு குறை உண்டு, துருப்பிடித்துத் தளர்ந்துவிடும். ஆதலின் படலையைச் சிறிதளவே திறந்து விட்டுப் பார்த்து, கொளுக்கி விழுகின்றதா என அடிக்கடி சோதித்தல் வேண்டும்.

இங்கேதான் விருந்தினராகச் செல்லும் நம்மவருக்கு வேலையிருக்கின்றது. துணி உலர்த்தவோ பூக்கன்றுக்கு நீருற்றவோ போய்வரும்போது, அடிக்கடி திறப்பது தொல்லையென்று படலைக்கு ஒரு செங்கல்லை அண்டைகொடுத்து வைப்பவர் உளர். அங்கே அது சட்டப்படி குற்றம். மாலை வெயிலில் அமர்வதற்கெனக் கதிரையொன்றை வேலியோரம் இழுத்துப்போட்டு, எழுந்து செல்லும்போது அதனை அங்கேயே விட்டுவிடுவதும் அத்தகையதே. மூன்று வயதுப் பிள்ளைக்கு அக்கதிரை படிக்கட்டு.

பிரான்ஸ் நாடு 2003 சனவரியிற் சட்டமியற்றி, நிலத்துட் பதித்த தனியார் தடாகங்களுக்கு வேலி, மூடி, கூடாரம், எச்சரிக்கை மணி ஆகிய நான்கில் ஒன்றைக் கட்டாயமாக்கியது. மீறுவோருக்கு 45,000 யூரோ வரை அபராதம். நான்கையும் ஒரே தட்டில் வைத்தது சரியென நமக்குத் தோன்றவில்லை. வேலி பிள்ளையைத் தண்ணீருக்கு அப்பால் நிறுத்துகின்றது. மணியோ பிள்ளை விழுந்தபின் ஒலிக்கின்றது.

வேலிக்கு உட்புறத்திலும் ஓர் ஆபத்து மறைந்திருக்கின்றது. தடாகத்து நீரைச் சுத்திகரிக்கும் பம்பி, அடித்தளத்திலுள்ள துவாரத்தினூடாக நீரை உறிஞ்சும். 2002இல் அமெரிக்காவின் முன்னாள் இராஜாங்க அமைச்சர் ஜேம்ஸ் பேக்கரின் ஏழு வயதுப் பேத்தி அத்தகைய துவாரமொன்றின் உறிஞ்சுவிசையில் அகப்பட்டு உயிரிழந்தாள். அவளுக்கு நீந்தத் தெரியும். சிறுமியின் தாயார் விடாது முயன்றதன் பயனாக, 2007இல் அவள் பெயராலேயே ஒரு சட்டம் நிறைவேறியது. பொதுத் தடாகங்களில் உடலைப் பற்றிக்கொள்ளாத வகை மூடிகளைப் பொருத்துவது அதனாற் கட்டாயமாயிற்று. மூடி உடைந்திருக்கும் தடாகத்தில் எவ்வளவு தேர்ந்த பிள்ளையையும் இறங்க விடலாகாது.

தடாகம் நமக்கு இல்லையே என்று இலங்கையிலுள்ளோர் இருந்துவிட இயலாது. ஆறில்லாத யாழ்ப்பாணத்தில் வளவுதோறும் கிணறு உண்டு. கட்டு உயரமாக இருந்தும், அதனருகே கவிழ்த்து வைத்த வாளியும் துணி தோய்க்கும் கல்லும் அந்தக் கதிரை செய்யும் வேலையையே செய்யும். கட்டில்லாத தோட்டக் கிணறுகளைப் பற்றிக் கூறவே வேண்டியதில்லை. இப்பொழுது கடைகளில் விற்கும், காற்றடைத்த சிறு தடாகங்களும் அற்பமானவை அல்ல. 30 சென்ரிமீற்றருக்கு மேல் நீர் நிற்கக்கூடியதாயின் அதற்கும் வேலி வேண்டும் என்பது நியூ சவுத் வேல்ஸ் விதி. அதற்குக் குறைவானவற்றிலும் விளையாட்டு முடிந்தவுடன் நீரைக் கொட்டிக் கவிழ்த்துவிடவேண்டும்.

அம்மாநிலத்திலே தடாகந்தோறும் உயிர்ப்பிக்கும் முறையை எழுதிய பலகையொன்றும் தொங்கவேண்டும். நீரிலிருந்து எடுத்த பிள்ளையைத் தலைகீழாகப் பிடித்துச் சுழற்றி நீரை வெளியேற்ற முயல்வது, கிடைத்தற்கரிய நேரத்தை வீணாக்குவதாகும். மூச்சில்லையெனக் கண்டால், மல்லாக்கக் கிடத்தி, 30 தடவை நெஞ்சை அழுத்தி 2 தடவை வாயினால் மூச்சூதுதலை இடைவிடாது செய்யவேண்டுமென அங்குள்ள பலகைகள் கூறுகின்றன. இதனைப் பழகியவரிடம் நேரில் கற்றுக்கொள்வதே நன்று. ஒருவர் இதனைச் செய்துகொண்டிருக்க, மற்றவர் அம்புலன்ஸை அழைக்கட்டும்: அவுஸ்திரேலியாவில் 000, இலங்கையில் 1990.