காக்காவுக்கு ஒரு மார்க்... குயிலுக்கு ரெண்டு மார்க்!

டிரைவிங் லைசென்ஸ் வாங்க 'எட்டு' போடணும். இன்ஜினீயர் ஆகணும்னா அரியரை க்ளியர் பண்ணணும். பறவை பார்க்கிறவர் ஆக மட்டும் ஒரு எக்ஸாமும் கிடையாதாம். 'இதென்ன அநியாயம்'னு பொங்கி எழுந்து, உசிலம்பட்டி ஏரியாவுக்கு நாமளே ஒரு நுழைவுத் தேர்வு வெச்சுட்டோம். சிலபஸ்: மொட்டை மாடி, மாட்டுக்கொட்டம், கண்மாய்க் கரை. நெகட்டிவ் மார்க் இல்லை. ஜன்னல் வழியா வெளியே பார்த்தா சூப்பர்வைசர் திட்ட மாட்டார். ஏன்னா, பதில் அங்கேதான் உட்கார்ந்திருக்கு!

கேள்வி 1: கறுப்பா இருக்கும். 'கா... கா'னு கத்தும். டீக்கடை வடையை லவட்டும். அது யார்?
அ) காக்கா ஆ) பென்குயின்

பறவையே தன் பேரைச் சொல்லி பிட்டு கொடுக்குது. பிட்டுக்கு மண் சுமந்த கதை நடந்த ஜில்லாக்காரங்களுக்கு இதுக்கு மேல என்ன வேணும்? சென்டம் வாங்கினவங்களுக்கு ஒரு போனஸ் கேள்வி. அமாவாசைக்கு அப்பத்தா வெச்ச சோத்தைத் தின்னது எந்தக் காக்கா? கழுத்து சாம்பல் நிறமா இருந்தா வீட்டுக் காகம். முழுக்க அட்டக்கறுப்பு, அலகும் தடிமன்னா அண்டங்காக்கை. ரெண்டும் வேற வேற பார்ட்டி பாஸ்!

கேள்வி 2: 'கூ... கூ'னு கூவுவது யார்?
அ) குயில் ஆ) கண்டக்டர் விசில்

இதுவும் பிட்டுதான். ஆனா, வைவாவுல மாட்டுவீங்க. சினிமாவுல ஹீரோயினைத்தானே குயில்னு கொஞ்சுறாங்க? நிஜத்துல அப்படி உருகி உருகிக் கூவுறது ஆண் குயில். கறுப்பு உடம்பு, சிவப்புக் கண்ணு. பெண் குயில் பழுப்பு நிறம், மேலெல்லாம் வெள்ளைப் புள்ளி. முட்டையைக் காக்கா கூட்டுல போட்டுட்டு எஸ்கேப் ஆயிடும். ஃபீஸே கட்டாம பிள்ளையை ஹாஸ்டல்ல சேர்த்த கில்லாடி!

கேள்வி 3: ரெட்டைவால் குருவிக்கு வால் எப்படி இருக்கும்?
அ) ரெட்டையாப் பிரிஞ்சு ஆ) கால்குலேட்டர் தேவை

கரிச்சான்னும் சொல்வாங்க. மாட்டு முதுகுல ஓசி சவாரி போய்க்கிட்டே, மாடு நடக்கும்போது கிளம்புற பூச்சியைப் பிடிக்கும். ஆள் பொடிசுதான். ஆனா, கூட்டுப் பக்கம் வந்தா பருந்தையே விரட்டி அடிக்கும். மதுரைக்காரய்ங்க மாதிரி!

கேள்வி 4: கரன்ட் கம்பியில அமைதியா உட்கார்ந்திருக்கும். பறந்தா றெக்கை பளீர்னு நீலமா விரியும். அது யார்?
அ) பனங்காடை ஆ) யாரோ

இங்கேதான் பல பேர் 'ஆ'வை டிக் அடிப்பாங்க. நம்ம காட்டுப் பக்கம் சாதாரணமாத் தெரிஞ்ச பறவை இது. ஆனா, 2023-ல வந்த 'இந்தியப் பறவைகளின் நிலை' அறிக்கை, சுமார் 12 வருஷத்துல பனங்காடை 30 சதவிகிதத்துக்கு மேல குறைஞ்சிருக்குன்னு சொல்லுது. அதே அறிக்கையில மயில் எக்கச்சக்கமாப் பெருகியிருக்கு.

விஷயம் இதுதான் மக்கா... பறவை நிறைய இருக்கிறவரைக்கும்தான் கேள்வி ஈஸி. நம்ம தாத்தா காலத்து கொஸ்டீன் பேப்பர்ல, 'செத்த மாட்டைத் தின்னும் பெரிய பறவை எது?'ங்கிறது ஒரு மார்க் கேள்வி. பிணந்தின்னிக் கழுகை அவங்க கண்ணால பார்த்திருந்தாங்க. அப்புறம் மாட்டுக்கு டைக்ளோஃபெனாக்னு ஒரு வலி மருந்து போட ஆரம்பிச்சாங்க. அந்த மாடு செத்து, அதைத் தின்ன கழுகுகளுக்குக் கிட்னி போச்சு. 1990-கள்ல இருந்து பதினைஞ்சே வருஷத்துல சில வகைகள் 97 சதவிகிதத்துக்கும் மேல காலி. 2006-ல மாடுகளுக்கு அந்த மருந்தைத் தடை பண்ணினாங்க. இன்னிக்குத் தமிழ்நாட்டுல அதைப் பார்க்கணும்னா முதுமலை, மாயாறு பக்கம்தான் போகணும். ஒரு மார்க் கேள்வி இப்போ பி.ஹெச்டி. கேள்வி!

இந்தச் சரிவெல்லாம் எப்படித் தெரியுது? யாரோ ஒருத்தர் எண்ணி வெச்சதாலதான். மேலே சொன்ன அறிக்கையே சுமார் 30,000 பேர் கொடுத்த பறவைக் கணக்குலதான் நிக்குது. நீங்களும் சேரலாம். தமிழ்நாட்டுல 2015-ல இருந்து பொங்கல் லீவுல பறவைகள் கணக்கெடுப்பு நடக்குது. ஒரு இடத்துல 15 நிமிஷம் நின்னு, கண்ணுல பட்ட பறவை எது, எத்தனைனு எழுதி 'இ-பேர்ட்' தளத்துல ஏத்தணும். அவ்வளவுதான். காக்காவையும் விடாம எண்ணணும், அது முக்கியம்!

ரிசல்ட் வந்தாச்சு... ஸ்டேட் ஃபர்ஸ்ட் அப்பத்தா! நாலுக்கு நாலு. நாம எல்லாம் நாலாவது கேள்வியில அரியர். அடுத்த அட்டெம்ப்ட் பொங்கலுக்கு. பனங்காடை ஹால் டிக்கெட்டோட கம்பியில காத்திருக்கு. அது பறந்து போறதுக்குள்ள வந்து சேருங்க!