ஆழம் எவ்வளவு?

கோடை விடுமுறையில் அகழாய்வுப் பயிற்சிக்குப் போகிறேன் என்றதும் வீட்டில் எல்லோரும் கேட்டது, "தங்கம் கிங்கம் கிடைக்குமா?" என்றுதான். முதுகலை வரலாற்றில் முதல் ஆண்டு முடித்திருந்த எனக்கும் உள்ளூர அப்படியோர் ஆசை இல்லாமல் இல்லை. வைகைக் கரையில் ஒரு தென்னந்தோப்புக்குள் ஆறு வாரம் இருந்தேன். அங்கே காலையிலிருந்து மாலைவரை காதில் விழுந்த கேள்வி வேறு: "ஆழம் எவ்வளவு?"

கீழடியை எடுத்துக்கொள்வோம். அங்கே கி.மு. ஆறாம் நூற்றாண்டிலேயே மக்கள் வாழ்ந்தார்கள் என்ற செய்தி 2019-இல் வந்தபோது டீக்கடை வரைக்கும் அதே பேச்சு. தமிழ்நாடு தொல்லியல் துறை நான்காம் கட்ட அகழாய்வில் எடுத்த ஆறு மாதிரிகள் அமெரிக்காவின் ஃபுளோரிடாவிலுள்ள பீட்டா அனலிடிக் ஆய்வகத்துக்குப் போயின. அவற்றில் ஒன்றின் காலம் கி.மு. 580 என்று வந்தது. அது கிடைத்த ஆழம் 353 செ.மீ. அந்த 580 பலருக்கும் மனப்பாடம். 353-ஐ யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் 353 இல்லாவிட்டால் 580 என்பது ஒரு கரித்துண்டின் வயது, அவ்வளவுதான். ஆழமும் அடுக்கும் தெரிந்ததால்தான் அதே அடுக்கில் கிடந்த பானை ஓட்டுக்கும் பாசிமணிக்கும் வயது சொல்ல முடிகிறது.

பத்துக்குப் பத்து மீட்டர் சதுரத்தை நான்காகப் பிரித்து, அதில்தான் குழி போடுவார்கள். குழிக்கும் குழிக்கும் நடுவே அரை மீட்டர், ஒரு மீட்டர் அகலத்துக்கு மண்ணை வெட்டாமல் சுவராக விட்டுவிடுவார்கள். வரப்பு மாதிரி, நடந்து போக வசதியாக விட்டிருக்கிறார்கள் என்று முதலில் நினைத்தேன். தோண்டிய மண் சட்டி சட்டியாக வெளியே போய்விடும். அது எந்த வரிசையில் படிந்திருந்தது என்பதற்கு அந்தச் சுவரின் முகம் ஒன்றுதான் சாட்சி.

இந்த முறையை நம் நாட்டில் வேரூன்றச் செய்தவர் மார்டிமர் வீலர். 1944-இல் இந்தியத் தொல்லியல் துறையின் தலைமைப் பொறுப்புக்கு வந்த கையோடு தட்சசீலத்தில் மாணவர்களுக்குக் களப்பயிற்சிப் பள்ளி நடத்தினார். பின்னாளில் ஹஸ்தினாபுரத்தை அகழ்ந்த பி.பி. லால் அங்கே பயின்றவர். அடுத்த ஆண்டே புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டில் வீலர் குழி போட்டார். அங்கே இத்தாலியில் செய்த பானைகளின் ஓடுகள் கிடைத்தன. அவற்றின் காலம் ஐரோப்பாவில் ஏற்கெனவே தெரிந்த ஒன்று. கூடவே அதே அடுக்கில் கிடந்த உள்ளூர்ப் பானைகளுக்கும் அதனால் காலம் பிடிபட்டது. நமது பானைக்கு வயது சொன்னது அந்த இத்தாலிய ஓட்டின் அழகல்ல, அது கிடந்த இடம்.

வகுப்பில் இதையெல்லாம் படித்துத் தேர்வும் எழுதியிருந்தேன். இருந்தும் இரண்டாவது வாரம் ஒரு தப்பு செய்தேன். குழியின் தென்மேற்கு மூலையில் கருப்பு சிவப்பு ஓடு ஒன்று விளிம்பு காட்டியது. இந்த வகைப் பானையைக் கவிழ்த்து வைத்துச் சுடுவார்கள். காற்றுப் படும் வெளிப்புறம் சிவக்கும், காற்றுப் படாத உட்புறமும் வாய்ப்பகுதியும் கறுக்கும். பார்த்தவுடன் அடையாளம் தெரிந்தது. ஓரத்து மண்ணை விரலால் விலக்கினேன். ஏணி மாதிரி ஒரு கீறல் குறி. கை தானாகப் போயிற்று, பிடுங்கி எடுத்துவிட்டேன். தூரிகையால் துடைத்து, எழுந்து நின்று எல்லோருக்கும் காட்டினேன்.

குழிக்குப் பொறுப்பாக இருந்த சார் ஓட்டைக் கையில் வாங்கவே இல்லை. "ஆழம் எவ்வளவு?" என்றார். மூலை முளையிலிருந்து நீளம், அகலம்; கட்டிய நூலில் ரசமட்டம் பார்த்துத் தூக்குக்குண்டு இறக்கி ஆழம். இந்த மூன்று எண்ணையும் எழுதிய பிறகுதான் பொருள் மண்ணைவிட்டு வரவேண்டும். திரும்பிப் பார்த்தேன். ஓடு இருந்த பள்ளம் சரிந்து மூடியிருந்தது. சீட்டில் ஆழத்துக்கு நேரே "80 – 100 செ.மீ." என்று எழுத வேண்டியதாயிற்று.

இருபது சென்டிமீட்டர்தானே என்று தோன்றலாம். கீழடி நான்காம் கட்ட அகழாய்வில் மட்டும் தமிழி எழுத்துப் பொறித்த ஓடுகள் 56 கிடைத்தன. எழுத்து இல்லாமல் வெறும் குறி மட்டும் கீறிய ஓடுகள் அவற்றைவிட மிக அதிகம். குறி முந்தியதா, எழுத்து முந்தியதா, இரண்டும் எவ்வளவு காலம் சேர்ந்து புழங்கின என்பதற்கெல்லாம் ஒவ்வொரு ஓட்டின் ஆழமும்தான் பதில் தரவேண்டும். என் ஓடு அந்தக் கணக்கில் சேராது. அன்றிரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பெரிய அளவில் இந்த இழப்பைத் தாமிரபரணிக் கரை பட்டிருக்கிறது. ஆதிச்சநல்லூரில் 1876-இல் ஜெர்மானியரான ஜாகோர் தோண்டி எடுத்த தாழிப் பொருள்கள் பெர்லினுக்குப் போயின. பிறகு அலெக்சாண்டர் ரீ எடுத்தவை சென்னை அருங்காட்சியகத்துக்கு வந்தன. அழகான வெண்கலப் பாத்திரங்கள், இரும்பு ஆயுதங்கள். கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்து நானும் வியந்திருக்கிறேன். ஆனால் கி.மு. 905, கி.மு. 696 என்ற கரிமக் காலக்கணக்கு, 2004-இல் இந்தியத் தொல்லியல் துறை மறுபடி அகழ்ந்து எடுத்த மாதிரிகளைக் கொண்டுதான் வந்தது. அந்த முடிவும் 2019-இல்தான் வெளியே தெரிந்தது.

எங்கள் குழியில் மம்பட்டி பிடித்தவர் ஐம்பது வயதை நெருங்கும் ஓர் அக்கா. பக்கத்து ஊர்க்காரர், பல கோடைகள் குழி வேலை பார்த்தவர். இப்படிப்பட்டவர்களின் பெயர் அறிக்கைகளில் வருவதில்லை. வரவேண்டும் என்பது என் கட்சி. நான்காவது வாரம் ஒருநாள், மேலாகச் செதுக்கிக்கொண்டிருந்தவர் சட்டென்று நிறுத்தினார்.

"சத்தம் மாறுது பாரு ஆத்தா. கொஞ்சம் பொறு."

எனக்கு ஒரு வித்தியாசமும் கேட்கவில்லை. மம்பட்டியை ஓரமாக வைத்துவிட்டுக் கொத்தனார் கரணையை எடுத்தோம். விரற்கடை அளவு சுரண்டியதும் இறுகிப்போன களிமண் தரை தட்டுப்பட்டது. தரையின் ஓரத்தில் செங்கல் நிறத்தில் வெந்த மண் குதிரை லாட வடிவில் வளைந்திருந்தது. நடுவே சாம்பல், அதற்குள் இரண்டு கரித்துண்டு. அக்கா குனிந்து பார்த்துவிட்டு, "அடுப்பு" என்றார். யார் வீட்டு அடுப்போ. யாரும் எதையும் தொடவில்லை. தூக்குக்குண்டு இறங்கியது: 162.

கரித்துண்டைக் கையால் எடுக்கக்கூடாது. உயிருள்ள எதுவும் காற்றிலிருந்தோ உணவிலிருந்தோ கரிமம் 14-ஐச் சேர்த்துக்கொண்டே இருக்கும். மரம் வெட்டுப்பட்டால் வரத்து நின்றுவிடும். இருப்பு மட்டும் கரையும். பாதியாகக் குறைய ஏறக்குறைய 5,730 ஆண்டு ஆகும். அந்தக் கணக்கில் 2,600 ஆண்டுக்கு முந்தைய கரியில் நான்கில் மூன்று பங்குக்குச் சற்றுக் குறைவாக மிச்சம் இருக்கும். இந்த மிச்சத்தில் நம் கைப்பிசுக்கோ பஞ்சோ சேர்ந்தால் கரிக்கு வயது குறைந்துவிடும். எங்களுக்குப் பெரிய பயம் தென்னைவேர். மேலே நிற்கும் மரத்தின் நூல் மாதிரியான வேர் குழிக்குள் எங்கும் ஓடியிருந்தது. கரிக்குள் அதில் ஒரு துணுக்கு இருந்தாலும் கணக்குக் கெட்டுவிடும். சார் இடுக்கியால் இரண்டு துண்டையும் எடுத்து அலுமினியத் தாளில் மடித்தார். சீட்டை என்னிடமே எழுதச் சொன்னார். மூன்று எண்ணையும் எழுதி, எழுதியதை ஒருமுறை வாய்விட்டுப் படித்தேன்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் குழியை மூடி நிலத்தை உரியவரிடம் கொடுத்துவிட வேண்டும். என் பயிற்சிக்காலம் முடிவதற்குள்ளேயே எங்கள் குழிக்கு அந்த முறை வந்தது. கடைசி வேலை சுவரின் முகத்தை வரைவது. வெயில் ஏறினால் எல்லா மண்ணும் ஒரே வெளுப்பாகிவிடும். அதனால் விடிகாலையில் போய், சுவரில் லேசாகத் தண்ணீர் தெளித்தோம். ஈரம் பட்டதும் அடுக்குகள் பிரிந்து தெரிந்தன: மேலே உழவு மண், அடியில் ஆற்று வண்டல், சாம்பல் கோடு, ஓடு கலந்த கருமண், களிமண் தரை. அவற்றை அளந்து அளந்து வரைபடத் தாளில் ஏற்றினோம்.

மூடும் நாள் டிராக்டர் வந்து நின்றது. அக்கா என் தோளுக்கு மேலாகத் தாளை எட்டிப் பார்த்தார்.

"நம்ம அடுப்பு இதுல இருக்கா?"

"இருக்குக்கா. 162-லிருந்து 171 வரைக்கும்."

விரலை வைத்துக் காட்டினேன். அவர் அந்த இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு குழிக்குள் விரித்திருந்த தார்ப்பாயின் நான்கு மூலையிலும் கல் வைத்துவிட்டு மேலே ஏறி வந்தார். முதல் லோடு மணல் சரிந்தது.